அரைத்துப் பார்த்த இரண்டு சக்கரங்கள்

போன மாதம் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு வீல் கடைக்குப் போயிருந்தேன். கடையை நடத்தும் இரண்டு பேரும் பாலிடெக்னிக் படித்தவர்கள். அலுமினியக் கலவையில் வார்த்த அலாய் வீலின் முகத்தைக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஒரு கத்தி சீவுகிறது. சீவிய முகம் எவர்சில்வர் மாதிரி மின்னுகிறது. அதன் மேல் நிறமில்லாத லேக்கர் அடித்து அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். இவ்வளவு செய்தும் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பிவிடுகின்றன, கார்க்காரர்கள் வந்து சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிளம்பும்போது அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் மதுரையில் அலாய் வீலே கிடையாதே, எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்றார்.

இருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களில் இருந்தது. அதில் ஒரு காரின் சக்கரங்கள் எங்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தன. அந்தக் கதையை அவர்களிடம் நின்றுகொண்டே சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் திருவாதவூர்க்காரி. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்து, கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினேன். வாத்தியார் வேலைக்குப் பதிந்து வைத்துக் காத்திருந்தபோது, புதூர்ப் பக்கம் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் பெயின்ட், முலாம் வேலைகளுக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபதுகளின் நடுவில் அது. முதலாளி என் சர்டிபிகேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஆம்பிளைகள் மட்டும் இருக்கிற இடமாயிற்றே என்றார். எனக்கு ஆசிட் தொட்டிதான் பயம், ஆம்பிளைகள் பயமில்லை என்று சொன்னேன். சிரித்துவிட்டு ஃபோர்மேனிடம் அனுப்பிவைத்தார். தல்லாகுளத்தில் ஒரு அறை பிடித்து அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். முதல் சில வருஷங்கள் தொட்டிகளின் காரமும் சூடும் பார்ப்பதிலும், பஸ் சக்கரங்களின் துருவை எடுத்து பெயின்ட் ஒட்ட வைப்பதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஃபோர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஆரோக்கியசாமி. ஒல்லியான மனிதர். சத்தமே போட மாட்டார். ஒரு சக்கரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரமும் தன் கண்ணும் ஒரே உயரத்தில் வரும்படி உட்காருவார். நின்றுகொண்டு குனிந்து பார்ப்பதை அவர் பார்ப்பதாகவே எண்ணுவதில்லை. யாராவது 'பரவாயில்ல சார்' என்று சொல்லிவிட்டால் தலையைத் தூக்காமலே, 'யாருக்குப் பரவாயில்ல?' என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களில் முதலாளியும் உண்டு. எங்களை எல்லாம் நீ, வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடும். 'நீங்க கொஞ்சம் அப்படி நில்லுங்க' என்று அவர் சொன்னால் அன்றைக்கு யாரும் அவர் பக்கத்தில் போக மாட்டார்கள்.

அவரோடு எனக்கு ஒத்துப்போக நாளாயிற்று. நான் சொல்வதை நம்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியாது. ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பார். என்னைச் சோதிக்கிறார் என்று ஆரம்பத்தில் ரோஷம் வந்தது. பிறகு பார்த்தால் தன்னிடமே தான் கேட்டுக்கொள்வதும் அப்படித்தான் இருந்தது.

முதன்முதலில் அலாய் வீல் எங்களிடம் வந்தது ஒரு டாக்டரின் வெளிநாட்டுக் காரில். லேக்கர் கொப்பளித்து உரிந்திருந்தது. பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துத் தர வேண்டும். அன்றைக்கு நான் லேபில் இருந்தேன். பெயின்டர் மாயாண்டி அண்ணன் வழக்கம்போல ஒரு சக்கரத்தைத் தூக்கிச் சுடுகாரத் தொட்டியில் இறக்கிவிட்டார். காஸ்டிக் சோடா கரைத்துக் கீழே பம்ப் அடுப்பு எரியும் தொட்டி அது. இரும்புச் சக்கரங்களை அதில்தான் காலம் காலமாக முக்கினோம். இரும்பை அது ஒன்றும் செய்யாது. அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சீறுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தொட்டி பொங்கி வெள்ளை நுரை வழிந்துகொண்டிருந்தது. மாயாண்டி அண்ணன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அந்த நுரையில் கிளம்புவது ஹைட்ரஜன், தீப்பட்டால் வெடிக்கும். அடியில் அடுப்பு எரிகிறது. அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை, நுரை வழிந்தால் சக்கரம் போய்விடும் என்று எல்லோரும் சக்கரத்தையே பார்த்தார்கள். ஃபோர்மேன் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்து போய் அடுப்பின் காற்றைத் திறந்துவிட்டுத் தீயை அணைத்தார். அவர் முழங்கையில் காரம் தெறித்துத் தோல் வெந்துபோயிற்று. அதற்குப் பிறகுதான் கொக்கியை வாங்கிச் சக்கரத்தை வெளியே இழுத்தார். கரியில் புரட்டியது போலக் கறுப்பாக வந்தது. விளிம்பெல்லாம் தேய்ந்து, கை வைத்தால் சொரசொரவென்று இருந்தது.

கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் மாயாண்டி அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, இனிமேல் அலுமினியம் எதற்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். சாயங்காலம் கெட்டுப்போன சக்கரத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு அவரே போனார்.

அதற்குப் பிறகு நான் ஒரு முறையை ஏற்படுத்தினேன். பெயின்ட் எடுக்கும் களிம்பைப் பூசி, ஊறிய பூச்சை மரச் சீவுளியால்தான் எடுக்க வேண்டும், இரும்பு படக் கூடாது. வெள்ளைப் பொடி பிடித்த குழிகளைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நைட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அதில் ஒரு முக்கு. பிறகு அலசல், உலர்த்தல், பிரைமர், லேக்கர், அடுப்பு. முதல் ஜோடியைச் செய்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்த மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சக்கரங்கள் திரும்பி வந்தன. லேக்கருக்கு அடியில் புழு மாதிரி கோடுகள்.

மறுபடி செய்தோம். மறுபடி வந்தன. முதலாளி வெளிப்படையாகவே கெமிஸ்ட் எதற்கு என்று பேச ஆரம்பித்தார். மருந்தை மாற்றினேன், அடுப்புச் சூட்டை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் லேபில் டம்ளர் கழுவிக் காயவைத்தபோது அதன் அடியில் வெள்ளையாக வளையம் படிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடிக்கக் கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வோம், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். சக்கரத்தைக் கடைசியாக அலசுவதும் அதில்தான். உப்பைத் தடவிவிட்டு அதன்மேல் லேக்கரைப் பூசி மூடிக்கொண்டிருந்தோம்.

ஒரு கண்ணாடிக் குழாயில் போர் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு ஃபோர்மேனிடம் காட்டினேன். உப்பு இருந்ததால் பால் மாதிரி வெளுத்தது. இன்னொரு குழாயில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை எடுத்து அதே மருந்தை விட்டேன். தெளிவாகவே இருந்தது. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மறுநாள் பேட்டரித் தண்ணீர் கேன்கள் வந்து இறங்கின. கடைசி அலசலுக்குப் பிறகு சக்கரத்தைக் கையுறை இல்லாமல் தொட்டவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கை வேர்வையிலும் உப்பு இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன். அதன் பிறகு போன சக்கரங்கள் பல மழையைத் தாங்கின. எங்களிடம் அலாய் வீல் வேலை நன்றாக இருக்கும் என்று பெயர் வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பெரியகருப்பன் வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் காய்கறி மண்டி வைத்திருந்தார். விவசாயக் குடும்பம், தன் காலத்தில் தலையெடுத்தவர். ஏழெட்டு லாரி ஓடின. மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த வெளிநாட்டுக் கார் ஒன்று வைத்திருந்தார். அதன் நாலு சக்கரமும் அலாய் வீல், ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஐந்து கைகள். லேக்கர் போய், குழி விழுந்து, சோறு சிந்திக் காய்ந்தது போலப் பொடி பூத்திருந்தது. கொடைக்கானலில் கட்டிக் கொடுத்த மகளுக்கு வளைகாப்பு. வெள்ளிக்கிழமை மலையேறிப் போய், வளையல் போட்டு, அன்றைக்கே காரில் வைத்துத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் கார் போய் நிற்கும்போது சக்கரம் அசிங்கமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் கேட்டது. முதலாளி உடனே ஒப்புக்கொண்டார்.

காரை விட்டுவிட்டு மண்டிக்காரர் போன பிறகும் அவருடைய டிரைவர் ராசு போகவில்லை. பெயின்ட் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தார். நான் லேபுக்குப் போகும்போது கூடவே வந்தார்.

மெல்ல மெல்லச் சொன்னார். சில மாதத்துக்கு முன்னால் வாடிப்பட்டி தாண்டி, இருட்டில் பாலத்துச் சுவரை ஒட்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டதாம். விளிம்பு நெளிந்துவிட்டது. மண்டிக்காரருக்குத் தெரியாமல் ரோட்டோரப் பட்டறையில் சூடு காட்டி அடித்து நிமிர்த்தியிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை.

'எந்தச் சக்கரம்ணே?' என்று கேட்டேன்.

'அதுதாந் தெரியலம்மா. பெறகு ரெண்டு தடவ முன்னுக்குப் பின்ன மாத்திப் போட்டாச்சு. நீங்க எல்லாத்தையும் நல்லாப் பாருங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக. எனக்குப் பிள்ளைக மூணு.'

நான் ஃபோர்மேனிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

பூச்சையெல்லாம் எடுத்து நாலு சக்கரத்தையும் வெறுமையாக்கினோம். உள்ளே விரிசல் இருந்தால் கண்டுபிடிக்க இப்போது சிவப்புச் சாயம் டப்பாவில் கிடைக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும்தான். சக்கரத்தின் பின்பக்கம் முழுக்க மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட வேண்டும். பிறகு ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, பொடியைத் துணியில் கட்டித் தட்டித் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெதுவாக வெளியே வந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். அதுவரை விசிறியைக்கூடப் போடக் கூடாது. பெட்டியில் உட்கார்ந்த ஃபோர்மேனும் பக்கத்தில் நானும் வேர்த்து ஊற்ற வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு சக்கரங்களில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு கை நடுத்தட்டோடு சேரும் இடத்தில் கறுப்பாக, அழுத்தமாக, ஒரு கோடு எழுந்தது. நாலாவதிலும் அதே மாதிரி இடத்தில் ஒன்று வந்தது. ஆனால் அது தலைமுடி அளவு. மங்கல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது.

அதில்தான் சிக்கல். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும்போது சில இடங்களில் மேலோடு மட்டும் மடிந்துகொள்ளும். அந்த மடிப்பும் எண்ணெயைக் குடித்துக் கோடு காட்டும். அதனால் ஆபத்து இல்லை. விரிசலா மடிப்பா என்று தெரிய வேண்டுமானால் அந்த இடத்தை அரைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பானால் கொஞ்சம் அரைத்ததும் மறையும். விரிசலானால் அரைக்க அரைக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் பாரம் தாங்குகிற இடத்தில் அரைத்த சக்கரத்தை, விரிசல் இல்லையென்றாலும், மறுபடி மாட்டக் கூடாது என்பது ஃபோர்மேனின் சட்டம். அந்தக் காருக்கு டிக்கியில் இருக்கும் ஒரு ஸ்டெப்னியைத் தவிர மாற்றுச் சக்கரம் இந்த தேசத்திலேயே கிடைக்காது.

வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் போய்ச் சொன்னோம். கறுத்த கோட்டைப் பார்த்ததும் அவருக்கும் பயம் வந்துவிட்டது. அரைக்கச் சொன்னார். ஃபோர்மேன் கையரைப்பானை எடுத்தார். கொஞ்சம் அரைப்பதும், எண்ணெய் தடவித் துடைத்துப் பொடி தூவுவதும், காத்திருப்பதுமாகப் போயிற்று. கோடு வந்தது. மறுபடி அரைத்தார். கோடு வந்தது, ஆனால் நீளம் குறைந்தது. மூன்றாவது முறை பொடி வெள்ளையாகவே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் வெள்ளையாகவே இருந்தது.

வெறும் மடிப்பு. நல்ல சக்கரத்தை அரைத்துக் கெடுத்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து மண்டிக்காரர் காரை எடுக்க வந்து சேர்ந்தார். பின்னால் ராசு. சக்கரத்தில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். முதலாளி ஏதேதோ விளக்கினார். கடைசியில் மண்டிக்காரர், 'ஒண்ணும் இல்லாத சக்கரத்த நோண்டி வச்சிருக்கீக. அம்புட்டுத்தான, வேற சொல்லணுமா?' என்றார். முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. மிச்சம் மூன்றுக்கும் உடனே லேக்கர் அடி, அரைத்ததுக்குப் பதிலாக ஸ்டெப்னியைப் போடு, இன்றைக்கே வண்டி போக வேண்டும் என்று ஃபோர்மேனிடம் சொன்னார்.

ஃபோர்மேன் அரைப்பானைக் கீழே வைக்கவில்லை.

'இன்னொண்ணு பாக்கணும் சார்.'

'ஒண்ணைப் பாத்தது போதாதா?'

'நீங்க சொல்றது சரி. இன்னொண்ணு பாக்கணும்.'

முதலாளி குரலை உயர்த்தினார். அழுத்தமான கோடே பொய்யாகப் போய்விட்டது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கோட்டுக்காக இன்னொரு சக்கரத்தைக் கெடுப்பதா என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. முந்தின கோட்டை விரிசல் என்று நானும்தான் நினைத்தேன். இரண்டாவது முறையும் தப்பினால் ஃபோர்மேனுக்கு அங்கே வேலை இருக்காது, அலாய் வீல் செக்‌ஷனே இருக்காது.

ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். 'நீங்க பாத்தீங்களாம்மா அந்தக் கோட்டை?' என்று கேட்டார். அந்த 'நீங்க' எனக்கு உறைத்தது. பார்த்தேன் என்றேன். அது மடிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். விரிசல் என்று கையெழுத்துப் போடுவீர்களா என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். 'இதுதான் சார் எங்க நெலம' என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் நேராக மண்டிக்காரரிடம் பேசினார். ஒரு வாடிக்கையாளரிடம் முதலாளியைத் தாண்டி அவர் பேசி நான் பார்த்ததில்லை.

'நாளைக்கு வண்டியில யாருங்க வர்றாங்க?'

ராசு தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரம் சூடேறும், வளைவில் பாரமெல்லாம் வெளிப்பக்கத்துச் சக்கரத்தில் இறங்கும், அங்கே ஒரு கை விட்டுப்போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

மண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். 'ஏத்தா, அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா?'

'எங்க மேல தப்பு. நாங்க ஏத்துக்கிறோம்' என்றேன்.

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதையும் அரைங்க என்றார். முதலாளி ஒதுங்கி நின்றார்.

கோடு மங்கலாக இருந்த இடத்தை ஃபோர்மேன் மெதுவாக அரைத்தார். எண்ணெய், துடைப்பு, பொடி. ஒன்றும் வரவில்லை. மாயாண்டி அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். ஃபோர்மேன் மறுபடி அரைத்தார். பொடி வெள்ளையாகவே இருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் குனிந்து பார்த்தபோது அரைத்த பளபளப்புக்கு நடுவில் ஊசியால் கீறியது போல வெண்மையாக ஏதோ தெரிந்தது. அது உலோகத்தின் வெண்மை இல்லை, அரிப்பின் பொடி. மண்ணெண்ணெய் போக வழியில்லாமல் பொடி அடைத்துக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றியது. தண்ணீர் கலந்த நைட்ரிக் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் வைத்து வைத்து எடுத்தேன். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஃபோர்மேன் சூடான காற்றில் அதைக் காயவைத்தார். இந்த முறை அவர் பொடியைப் பின்பக்கம் தூவவில்லை. சாக்பீஸ் பொடியைக் குழைத்துச் சக்கரத்தின் முன்முகத்தில், எல்லோரும் பார்க்கிற பக்கத்தில், பூசினார். அது காய்ந்ததும் சக்கரத்தை நிமிர்த்தி வைத்து, பின்பக்கம் அரைத்த இடத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அழுத்தி வைத்தார்.

காத்திருந்தோம். வெளியே மெயின் ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது. மண்டிக்காரர் ஃபோர்மேனின் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணும் எங்கள் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தன.

வெள்ளைப் பூச்சில் ஒரு புள்ளி கறுத்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. சேர்ந்த கோடு மேலே ஏறி, கையின் வேரைச் சுற்றிக்கொண்டு, மறு ஓரம் வரை போய் நின்றது. பின்னால் வைத்த எண்ணெய் முன்னால் வந்துவிட்டது. அந்தக் கை சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, அதைத் தாங்கவில்லை.

மண்டிக்காரர் விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டார். விரலில் ஒட்டிய ஈரத்தை முகர்ந்து பார்த்தார். இது எப்படி வந்திருக்கும் என்று கேட்டார்.

ஃபோர்மேன், வார்ப்பிலேயே குறை இருந்திருக்கலாம், எங்கேயாவது இடித்தும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவருக்கு உறுதியாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

ராசுதான் முன்னால் வந்தார். 'நாந்தாய்யா. வாடிப்பட்டிப் பாலத்துக்கிட்ட பள்ளத்துல எறக்கிட்டேன். பட்டறையில குடுத்து அடிச்சேன்.'

மண்டிக்காரர் எழுந்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். தாடை இறுகுவது தெரிந்தது. பிறகு, இரும்புச் சக்கரம் நாலு எங்கே கிடைக்கும், எம்புட்டு நேரம் ஆகும் என்று ஃபோர்மேனிடம் கேட்டார். பழைய இரும்புச் சக்கரங்களில் அந்தக் காருக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்து, துளைகளைச் சரிபார்த்து, அவசரமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டிக்கொடுத்தோம். வெள்ளிக்கிழமை விடியலில் அந்தக் கார் மலையேறிப் போயிற்று. ராசுதான் ஓட்டினார். மகளைப் பத்திரமாகக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எங்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. முதலாளி அந்த வாரம் முழுவதும் ஃபோர்மேனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விரிசல் கிடைத்தது சரி, நல்ல சக்கரத்தைக் கெடுத்தது கெடுத்ததுதானே என்பது அவர் எண்ணம். ஃபோர்மேனுக்கும் அதுதான் குடைந்துகொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம், கெட்டுப்போன அந்த நல்ல சக்கரத்தைப் பார்த்தபடி, இதை ஏன் அரைத்தீர்கள் என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

'தெரியாததுனாலதான் சார் அரைச்சோம்' என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொண்ட மாதிரியும் இருந்தது, ஒப்பாத மாதிரியும் இருந்தது.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். பெரியகருப்பன் மண்டி லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. ராசு இறங்கிவந்து பின்கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே காய்கறி இல்லை. கழற்றிய லாரிச் சக்கரங்கள். அந்த மண்டியின் வண்டிகளில் பாதி அன்றைக்கு ஓடவில்லை போலிருந்தது. துருப்பிடித்தது, பெயின்ட் பூசியது, விளிம்பு நெளிந்தது என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

என்ன செய்ய வேண்டுமாம் என்று முதலாளி மாடியிலிருந்து கேட்டார்.

'எல்லாத்தையும் பாக்கணுமாம்' என்றார் ராசு. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஃபோர்மேனிடம் திரும்பி, 'அரைக்க வேண்டியிருந்தா அவுகளக் கேக்க வேணாம், அரைச்சுக்கிறச் சொன்னாக' என்றார்.

ஃபோர்மேன் மாயாண்டி அண்ணனைக் கூப்பிட்டு முதல் சக்கரத்தை இறக்கச் சொன்னார்.